முன்பாரமும் பின்பாரமும்

செல்வச்சந்நிதி முருகன் கோயில் தேர்த்திருவிழாவுக்கு எமது பாட்டனார் கூடார வண்டி கட்டிச் சென்ற வரலாற்றை எமது தந்தையார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கின்றோம். வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மீது பாய் விரித்து, பெண்டிரும் பிள்ளைகளும் ஏறியமர்வர். பின்புறத்தில் பானை, அகப்பை, அரிசி, விறகு முதலியன அடுக்கப்படும். எல்லாம் ஆயத்தமான பின்னரும் பாட்டனார் உடனே எருதுகளைப் பூட்டிவிட மாட்டாராம். முதலில் நுகத்தடியைக் கையால் ஏந்திப் பார்ப்பாராம். "முன்பாரம் கூடிப்போச்சு; அரிசி மூட்டையைப் பின்னுக்குத் தள்ளுங்கோ" என்பார்; அல்லது, "பின்பாரமாய்க் கிடக்கு; பெரியபிள்ளை, நீ முன்னுக்கு வா" என்பார். முன்பாரம் மிகுந்தால் எருதின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து, கழுத்துக் கயிறு தொண்டையை நெரிக்கும். அளவான முன்பாரம் இருந்தால் மட்டுமே வண்டி நேராக ஓடும்.

பாட்டனாரின் இந்தச் சிறு வித்தை, பல்லாயிரம் மைலுக்கு அப்பால், கனடா நாட்டில் எமது தம்பியின் குடும்பத்துக்கு ஒருநாள் பயன்படும் என்று நாம் கனவிலும் எண்ணியதில்லை. சென்ற ஆண்டு கோடையில் அங்கு சென்று தங்கியிருந்த காலத்தில் நேர்ந்த அந்த அனுபவத்தையே இங்கு வாசகர்களுக்குக் கூற விரும்புகின்றோம்.

சில்லின்மேல் ஒரு வீடு

தம்பி ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோ பகுதியில் வாழ்கின்றான். அவனுக்கு இரவு வேலை. அவன் மனைவிக்குப் பகல் வேலை. ஒரே கூரையின்கீழ் இருந்தும், அவர்களும் இரண்டு பிள்ளைகளுமாக நால்வரும் ஒருங்கே அமர்ந்து உணவருந்தும் நாள் வாரத்தில் ஒன்றே. இந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்று அவன் கண்ட வழி சற்று விநோதமானது. கோடை விடுமுறையில் காட்டிலும் ஏரிக்கரையிலும் சென்று தங்குவதற்காக, சில்லின்மேல் அமைந்த வீடொன்றை இரண்டாங் கையாக வாங்கினான்.

நம்மூரில் உழவு இயந்திரத்தின் பின்னால் இழுபடும் பெட்டியை எல்லாரும் அறிவர். அந்தப் பெட்டி ஒரு வீடாக மாறியதாக எண்ணிக்கொள்க. உள்ளே அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, உணவு மேசை, பெற்றோருக்கு ஒரு கட்டில், பிள்ளைகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்த படுக்கைகள், குளிப்பறை ஆகிய யாவும் உள்ளன. அந்நாட்டார் அதனை ட்ரெயிலர் என்பர். நாம் வண்டிவீடு என்போம். தம்பியின் வண்டிவீடு 32 அடி நீளமானது. வெறுமையாய் இருக்கும்போது அதன் நிறை 6,800 இறாத்தல். பொருள்கள் யாவும் ஏற்றியபின் 8,800 இறாத்தலுக்கு மேற்படலாகாது என்று அதன் சுவரில் ஒட்டப்பட்ட சீட்டுக் கூறுகின்றது. அஃது ஏறத்தாழ நான்கு தொன். கனடாவில் கிலோகிராம் வழக்கில் இருப்பினும், இந்த வண்டித் துறையில் நமக்குப் பழக்கமான இறாத்தலே இன்றும் ஆட்சி செய்கின்றது.

இவ்வளவு பெரிய வீட்டைச் சாதாரண மோட்டார்க் கார் இழுக்காது. பின்புறம் திறந்த தட்டுடைய பிக்கப் வண்டி வேண்டும். தம்பியிடம் அஃது இல்லை. ஆகவே முதற் பயணத்துக்கு நண்பர் ஒருவரின் பிக்கப் வண்டியை இரவலாகப் பெற்றுச் சென்றான். அந்தப் பயணம் நாம் கனடாவுக்குச் செல்லுமுன் நிகழ்ந்தது. அதனை அவன் கூறவில்லை; அவன் மனைவியே எமக்குக் கூறினாள்.

வடக்கு நோக்கிச் செல்லும் 400ஆம் இலக்க நெடுஞ்சாலையில், பாரி நகரைக் கடந்து சென்றுகொண்டிருந்தபோது பாரிய லொறியொன்று அவர்களை முந்திச் சென்றது. அதன் காற்று மோதியதும் வண்டிவீட்டின் பின்புறம் இடமும் வலமுமாக ஆடத்தொடங்கிற்று. நாய் வாலை ஆட்டுவதற்குப் பதிலாக வால் நாயை ஆட்டிய கதையாயிற்று. தம்பி அச்சத்தால் பிறேக்கை அழுத்தினான். ஆட்டம் இன்னும் மிகுந்தது. பிள்ளைகள் அலறினர். தெய்வாதீனமாக வேகம் மெல்லக் குறைந்து, வண்டி சாலையோரத்தில் வந்து நின்றது.

"அத்தான், அண்டைக்குச் சத்தியம் பண்ணினனான். இனி நானும் ஏறமாட்டன், பிள்ளையளையும் ஏற்ற விடமாட்டன்" என்று அவள் சொல்லி முடித்தபோது அவள் குரல் நடுங்கிற்று. வீட்டு முற்றத்தில் அந்த வண்டிவீடு தார்ப்பாய் மூடியபடி நின்றது. அதனை விற்பதா, அதற்கேற்ற வண்டி வாங்குவதா என்பதே நாம் சென்றிறங்கிய வேளையில் அக்குடும்பத்தில் நிலவிய வழக்கு.

கடையில் கேட்டதும் கதவில் கண்டதும்

தம்பி பழைய வண்டிகள் விற்கும் கடையொன்றுக்கு எம்மையும் அழைத்துச் சென்றான். அவனுடைய மூத்த மகளும் உடன் வந்தாள். அழகான பிக்கப் வண்டியொன்றை விற்பனையாளர் காட்டினார். தோலாசனம், பெரிய கண்ணாடித் திரை, இரைச்சலற்ற ஓட்டம். "இது பதினோராயிரம் இறாத்தல் இழுக்கும், உங்களுடைய வீடு எண்ணாயிரம்தானே?" என்றார் அவர். தம்பியின் முகம் மலர்ந்தது. எமக்கும் அந்தக் கணக்குச் சரியாகவே தோன்றிற்று.

அவ்வேளையில் எமது பெறாமகள் சாரதியின் கதவைத் திறந்து, அதன் தூணில் ஒட்டியிருந்த மஞ்சளும் வெள்ளையுமான சீட்டொன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். "பெரியப்பா, இதில் 1,480 இறாத்தல் என்றுதானே போட்டிருக்கு?" என்று கேட்டாள். நாம் அருகிற் சென்று பார்த்தோம். இவ்வண்டியில் ஏறும் ஆட்களும் பொருள்களும் சேர்ந்து அந்த நிறைக்கு மேற்படலாகாது என்பதே அச்சீட்டின் கருத்து.

இழுப்பதற்குப் பதினோராயிரம், தாங்குவதற்கு ஆயிரத்து நானூற்றெண்பது. இவ்விரண்டும் வெவ்வேறு திறன்கள் என்பது அப்போதுதான் எமக்குப் புலப்பட்டது. முன்னதை இழுதிறன் எனவும் பின்னதைச் சுமைதிறன் எனவும் கூறலாம்.

இங்கேதான் பாட்டனாரின் நுகத்தடி எமது நினைவுக்கு வந்தது. வண்டிவீட்டின் ஏர்க்கால் பிக்கப் வண்டியின் பின்புறத்துக் கொளுவியின்மேல் அமர்கின்றது. ஆதலால் வீட்டின் நிறையில் ஒரு பங்கு பிக்கப் வண்டியின் முதுகில் இறங்குகின்றது. அந்த முன்பாரம் வண்டிவீட்டின் மொத்த நிறையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்குவரை இருத்தல் வேண்டும் என்பது துறையறிந்தோர் விதி. அதனிற் குறைந்தால் வீட்டின் வால் ஆடும். தம்பியின் முதற் பயணத்தில் நேர்ந்தது அதுவே. துவிச்சக்கர வண்டிகளை வீட்டின் பின்சுவரிற் கட்டி, பின்புறத்து நீர்த்தாங்கியையும் நிரப்பி, பின்பாரமாகவே அவன் ஓட்டிச் சென்றிருக்கின்றான்.

நாம் கடையிலேயே ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டோம். நிறைபாரத்தோடு வண்டிவீடு 8,000 இறாத்தல் எனக் கொண்டால், முன்பாரம் ஏறத்தாழ 1,000 இறாத்தல். தம்பி, மனைவி, பிள்ளைகள் இருவர், நாம் ஆக ஐவரின் நிறை 710. கொளுவியும் அதன் சட்டங்களும் 90. தட்டில் ஏற்றும் சாமான்கள் 200. மொத்தம் 2,000 இறாத்தல். சீட்டு அனுமதித்ததோ 1,480. ஆக, 520 இறாத்தல் மேலதிகம். இழுக்கும் கணக்கில் மூவாயிரம் இறாத்தல் மிச்சமிருக்க, தாங்கும் கணக்கில் வண்டி தோற்றுவிட்டது! மயிற்பீலி ஏற்றிய வண்டியை உவமையாக்கிய வள்ளுவப் பெருந்தகை, இந்தக் கடைக்கு வந்திருந்தால் முதலில் அந்தக் கதவுத் தூணையே நோக்கியிருப்பார்.

அப்படியானால் விற்பனையாளர் பொய்யுரைத்தாரா? இல்லை. இழுதிறனை அளப்பதற்கு வாகனப் பொறியியலாளர் சங்கம் ஜே 2807 என்னும் இலக்கமுடைய விதியொன்றை வகுத்துள்ளது. 2011ஆம் ஆண்டு வண்டிகளில் டொயோட்டா நிறுவனம் முதலில் அதனைக் கைக்கொள்ள, ஏனைய பெரிய நிறுவனங்களும் பின்னர் பின்பற்றின. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டேவிஸ் அணைக்கருகே தொடங்கும் நீண்ட ஏற்றத்தில், கடும் வெயிலில் குளிரூட்டியையும் முழுமையாக இயக்கியவண்ணம் குறித்த வேகத்துக்குக் குறையாமல் ஏறவேண்டும் என்பது அதிலுள்ள சோதனைகளுள் ஒன்று. சோதனை கடுமையானதே. ஆயின் வண்டிக்குள் இருப்போர் சாரதியும் இன்னொருவருமே. ஒவ்வொருவரும் 150 இறாத்தல் என்பது கணக்கு. பின்னாசனத்தில் பிள்ளைகள் இல்லை, தட்டில் அரிசி மூட்டை இல்லை, அம்மியும் இல்லை. நம்மவர் குடும்பம் பயணஞ் செய்யும் முறைக்கும் அந்தக் கணக்குக்கும் வெகுதூரம்.

பெயரில் உள்ள தொன்

பிக்கப் வண்டிகளின் வகுப்புப் பெயர்களும் புதியவரை மயக்குவன. தொழிற்சாலையிலேயே பின்தட்டுப் பொருத்திய டீ மாதிரி வண்டியைப் போர்ட் நிறுவனம் 1925ஆம் ஆண்டில் விற்பனைக்கு விட்டது. அதன் விலை 281 டொலர். கமக்காரனின் பண்டங்களைச் சந்தைக்கு ஏற்றிச் செல்வதற்கென்றே அத்தகைய வண்டிகள் தோன்றின. அரைத் தொன் ஏற்றுவது அரைத்தொன் வண்டி, முக்கால் தொன் ஏற்றுவது முக்கால்தொன் வண்டி, ஒரு தொன் ஏற்றுவது ஒருதொன் வண்டி எனப் பெயர் வழங்கலாயிற்று. காலப்போக்கில் வண்டிகள் பருத்து வலுத்தன. பெயர்கள் மட்டும் மாறவில்லை. இன்று 150 என்றோ 1500 என்றோ இலக்கமிடப்படுவன அரைத்தொன் வகுப்பு. 250, 2500 என்பன முக்கால்தொன். 350, 3500 என்பன ஒருதொன். பெயரிலுள்ள தொன்னுக்கும் உண்மையில் தாங்கும் நிறைக்கும் இன்று தொடர்பில்லை. ஒரே வகுப்பில், ஒரே நிறுவனத்தின் இரண்டு வண்டிகள்கூடத் தம்முள் வேறுபடும். தோலாசனமும் கண்ணாடிக் கூரையும் கூடக்கூட வண்டியின் சொந்த நிறை கூடுகின்றது. அந்த அளவுக்குச் சுமைதிறன் குறைகின்றது. அலங்காரம் மிகுந்தவன் அதிகம் சுமக்கான் என்பது மனிதருக்கு மட்டுமன்று, வண்டிக்கும் பொருந்தும். ஆகையால் விளம்பரத்தைப் பாராது, வாங்கவிருக்கும் அந்த வண்டியின் கதவுச் சீட்டையே பார்த்தல் வேண்டும்.

லொறிக்காரரின் புத்திமதி

அன்று மாலை தம்பியின் அயலவர் ஒருவரைக் காணச் சென்றோம். வடமராட்சியைச் சேர்ந்த அவர், கனடாவின் ஒரு கரை முதல் மறுகரை வரை முப்பது ஆண்டுகள் பார லொறி ஓட்டி ஓய்வுபெற்றவர். எமது கணக்குத் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மாஸ்ரர், இழுக்கிறது பெரிய காரியமில்லை. தாங்க வேணும், நிப்பாட்ட வேணும். இந்த இரண்டையும் பார்த்தால் இழுவை தானாய் வரும்" என்றார்.

பின்னர் ஒவ்வொன்றாக விளக்கினார். முன்பாரம் அளவுக்கு மிஞ்சினால் பிக்கப் வண்டியின் பின்புறம் அமிழ்ந்து முன்புறம் உயரும். முன்சில்லுகள் நிலத்தை இறுகப் பற்றா, சுக்கான் இலேசாகும், இரவில் விளக்கு வானத்தை நோக்கும். இதனைத் திருத்துவதற்கு வில்போன்ற சட்டங்களையுடைய சமநிலைக் கொளுவி உண்டு. அது முன்பாரத்தில் ஒரு பகுதியை முன்சில்லுகளுக்கும், இன்னொரு பகுதியை வீட்டின் சில்லுகளுக்கும் பகிர்ந்தளிக்கும். ஆயினும் சிறிய வண்டியைப் பெரிய வண்டியாக்கும் மந்திரம் அதனிடம் இல்லை. வண்டிவீட்டுக்குத் தனிப் பிறேக் இருத்தல் வேண்டும். ஒன்ராறியோவில் 1,360 கிலோகிராமுக்கு மேற்பட்ட இழுவை வண்டிகளுக்கு அது சட்டமுங்கூட. அந்தப் பிறேக்கைச் சாரதி தன் கையாலேயே இயக்கத்தக்க நெம்புகோல் பிக்கப் வண்டியில் இருத்தல் அவசியம்.

"வீடு ஆடினால் உன்ரை பிறேக்கை மிதியாதை. வேகமிதியிலிருந்து காலை எடு. சுக்கானை நேராய்ப் பிடி. வீட்டின்ரை பிறேக்கை மட்டும் கையாலை மெல்லப் பிடி. வீடு பின்னுக்கு இழுபட்டு நேராகும்" என்று அவர் தம்பியைப் பார்த்துச் சொன்னபோது, அவன் மனைவி கண்ணிமையாது கேட்டுக்கொண்டிருந்தாள்.

எந்த வண்டியை வாங்கலாம் என்ற வினாவுக்கு அவர் ஒரே விடை கூறவில்லை. அரைத்தொன் வண்டி ஓட்டத்தில் மென்மையானது, நகரத்தில் நிறுத்துவதற்கு எளிது, எரிபொருளும் குறைவு. வண்டிவீடு ஐயாயிரம் இறாத்தலளவில் இருந்தால் பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவே போதும். எண்ணாயிரம் என்றால் முக்கால்தொன் வண்டியே தகும். அதன் சட்டகமும் அச்சும் பிறேக்கும் தடித்தவை; பாரந் தாங்கும் ரயர்கள் பூட்டியவை. ஆனால் வெறுமையாய் ஓடும்போது குலுக்கும்; கடைத்தெருவில் திருப்புவது வில்லங்கம். டீசல் எஞ்சின் மலையேற்றத்துக்கு மிக வல்லது. இறக்கத்தில் தன் எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்து வைக்கவும் வல்லது. எனினும் புதிதாக வாங்கின் ஏறத்தாழப் பத்தாயிரம் டொலர் கூடுதலாகக் கேட்பர். அந்த எஞ்சினின் சொந்தப் பாரமே சுமைதிறனில் பல நூறு இறாத்தலைத் தின்றுவிடும். ஆண்டில் மூன்று நான்கு முறை மட்டும் செல்லும் குடும்பத்துக்குப் பெற்றோல் எஞ்சினே போதுமானது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி நீண்டிருந்தால் ஆட்டம் குறையும். பக்கக் கண்ணாடிகள் வெளியே நீளத்தக்கனவாக இருத்தல் வேண்டும்.

"ஒன்றில் வீட்டைப் பார்த்து வண்டி வாங்கு, அல்லது வண்டியைப் பார்த்து வீடு வாங்கு. இரண்டையும் பாராமல் வாங்கினால் கடவுளைப் பார்க்க வேண்டியதுதான்" என்று முடித்தார்.

சிறிய வீடாக மாற்றிவிடலாமா என்றும் அக்குடும்பத்தினர் ஆலோசித்தனர். பிள்ளைகளின் படுக்கைகளை இழக்க எவருக்கும் மனம் வரவில்லை. இரண்டு கிழமைத் தேடலின்பின், பெற்றோல் எஞ்சினுடைய முக்கால்தொன் வண்டியொன்று கிடைத்தது. தோலாசனம் இல்லை. கதவுச் சீட்டில் 3,150 இறாத்தல் என்றிருந்தது. அதனை முதலில் வாசித்தவள் தம்பியின் மனைவியே.

தராசு சொன்ன தீர்ப்பு

பயணத்துக்கு முன்னாள், லொறிகள் தரித்துச் செல்லும் நிலையமொன்றில் உள்ள பெருந்தராசுக்குச் சென்றோம். கணக்கு வேறு, தராசு வேறு என்பது லொறிக்காரரின் கட்டளை. ஐவரும் ஏறியமர்ந்து, சாமான்கள் யாவும் ஏற்றி, சமநிலைச் சட்டங்களைத் தளர்த்திவிட்டு முதலில் வண்டிவீட்டோடு நிறுத்தோம். பிக்கப் வண்டியின் சில்லுகளில் 8,830 இறாத்தல். வீட்டின் சில்லுகளில் 7,020. பின்னர் வீட்டைக் கழற்றிவைத்து மீண்டும் நிறுத்தோம். பிக்கப் வண்டி 7,850. வேறுபாடாகிய 980 இறாத்தலே வீட்டின் முன்பாரம். வீட்டின் முழுநிறை எண்ணாயிரம். அதில் முன்பாரம் நூற்றுக்குப் பன்னிரண்டுக்குச் சற்று மேல். பிக்கப் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட முழுநிறை 10,000. அதனை நோக்க இன்னும் 1,170 இறாத்தல் மிச்சம். இம்முறை துவிச்சக்கர வண்டிகள் பிக்கப்பின் தட்டில் இருந்தன. நீர்த்தாங்கி வெறுமையாய் இருந்தது.

தம்பியின் மனைவி அந்தத் தராசுச் சீட்டை வாங்கி, இரண்டாய் மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "சரி, நான் வாறன்" என்று மட்டுமே சொன்னாள்.

சுப்பீரியர் ஏரியை நோக்கி

ஆகஸ்ட் மாதத்து விடியற்காலையில் ஸ்காபரோவிலிருந்து புறப்பட்டோம். வண்டிவீடு ஓடிக்கொண்டிருக்கையில் அதனுள் எவரும் இருத்தல் ஒன்ராறியோவில் சட்டவிரோதம்; ஆகவே ஐவரும் பிக்கப் வண்டியிலேயே அமர்ந்தோம். சாதாரண ஜீ வகுப்புச் சாரதிப் பத்திரமே இதற்குப் போதுமானது. இழுபடும் வண்டி 4,600 கிலோகிராமுக்கு மேற்படாதிருத்தல் வேண்டும் என்பது அதன் எல்லைகளுள் ஒன்று.

பாரி நகரைக் கடந்தபின் வண்டிக்குள் பேச்சு அடங்கிற்று. அவர்கள் நால்வரும் எதனை நினைந்திருந்தனர் என்பதை நாம் அறிவோம். சற்று நேரத்தில் பாரிய லொறியொன்று இடப்புறமாக முந்திற்று. வண்டிவீடு தோளை ஒருமுறை அசைத்ததுபோல் இலேசாக அசைந்து, மீண்டும் நேரே வந்தது. அவ்வளவே. பின்னாசனத்திலிருந்த சிறுவன், "முடிஞ்சுதா?" என்றான். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

69ஆம் இலக்கச் சாலையில், செம்மையும் சாம்பலுமான பாறைகளைப் பிளந்து வகுத்த வழியே சென்று பிரெஞ்சு ஆற்றைக் கடந்தோம். 1615ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டினரான சாம்பிளேன் இந்த ஆற்று வழியே ஓடத்திற் சென்றார். அக்காலத்தில் தோணிகளிலும், தோணி செல்லாவிடத்துத் தோளிலும் பாரஞ் சுமந்து சென்ற வழியை, நாம் குளிர்சாதனப் பெட்டியோடு கடந்தோம். சட்பரி நகரில், 1964ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஒன்பது மீற்றர் உயரமான ஐந்து சத நாணயத்தைக் கண்டோம். நிக்கல் சுரங்கங்களால் வளர்ந்த அந்நகருக்கு அது தகுந்த சின்னமே. அன்றிரவு மாசி என்னும் சிற்றூரில், நீர்வீழ்ச்சிக்கு அண்மையிலுள்ள சூட்ஸ் மாகாணப் பூங்காவில் தங்கினோம். அருவியின் ஒலி கேட்க, வண்டிவீட்டின் அடுப்பில் புட்டு அவிந்தது. நால்வரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்டனர். அந்த மேசையைச் சுற்றியிருந்த மகிழ்ச்சியைக் கண்டபோது, தம்பி எதற்காக இந்த நான்கு தொன்னை இழுத்துத் திரிகின்றான் என்பது எமக்கு விளங்கிற்று.

மறுநாள் சூ செயின்ட் மேரி நகரைக் கடந்து வடக்கே திரும்பியதும் சுப்பீரியர் ஏரி தோன்றிற்று. ஏரி என்ற சொல் அதற்குப் போதாது. அதன் பரப்பு 82,100 சதுர கிலோமீற்றர். நமது இலங்கைத் தீவின் பரப்பு 65,610. நமது தாய்நாடு முழுவதையும் எடுத்து அந்த ஏரியிலிட்டாலும் சுற்றிவர நீர் மிச்சமிருக்கும். ஆகக் கூடிய ஆழம் 406 மீற்றர். மறுகரை தெரியாத நன்னீர்க் கடல் அது.

கரையோரமாகச் செல்லும் 17ஆம் இலக்கச் சாலை இங்கே குன்றுகளின்மீது ஏறி இறங்குகின்றது. அகாவாவுக்கும் வாவாவுக்கும் இடையிலான கடும் பாறைப் பகுதியை ஊடறுத்து இச்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது 1960ஆம் ஆண்டிலேயே. மொன்றியல் ஆற்றங்கரைக் குன்றில் ஏற்றமும் இறக்கமும் செங்குத்தானவை. ஏற்றத்தில் எஞ்சின் உறுமிற்று, வேகம் குறைந்தது, ஆயினும் இளைக்கவில்லை. இறக்கத்துக்கு முன்னரே தம்பி கியரைக் குறைத்தான். பிறேக்கை இடையறாது மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடியிழக்கும். எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்குதல் வேண்டும். இழுப்பதற்கு மட்டும் ஏற்ற வண்டியாயிருந்தால், நான்கு தொன் முதுகில் நின்று தள்ளும் அந்த இறக்கத்தில் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். எண்ணத்தை அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

அகாவா குடாவில் மூன்று நாள் தங்கினோம். அங்கு ஏரியின் நீர்மட்டத்துக்குச் சற்றுமேல் உயர்ந்தெழும் செங்குத்துப் பாறையில், ஓஜிப்வே மக்கள் செங்காவியால் தீட்டிய பழைய ஓவியங்கள் உள்ளன. செல்வின் டியூட்னி என்னும் ஆய்வாளர் 1958ஆம் ஆண்டில் அவற்றைத் தேடிக் கண்டு உலகறியச் செய்தார். முதுகில் முட்களும் தலையில் கொம்புகளுமுடைய மிஷிபெஷு என்னும் நீர்த்தெய்வத்தின் உருவமும், தோணிகளில் அமர்ந்த மாந்தரின் உருவங்களும் அவற்றுள் சிறந்தவை. ஏரி அமைதியாயிருக்கும்போது மட்டுமே அந்த ஒடுங்கிய பாறைத்தட்டில் நடந்து சென்று காணலாம். நீரின் சீற்றத்துக்கு அஞ்சி அதனை ஆளும் தெய்வத்தை வணங்கிய அம்மக்களின் உள்ளம், தொண்டைமானாற்றங்கரையில் வேல் வணங்கும் எமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில்

திரும்பி வருகையில், சூ செயின்ட் மேரியைக் கடந்து சாலை நேராகவும் சமமாகவும் அமைந்த ஓரிடத்தில், தேநீருக்காக நிறுத்தினோம். மீண்டும் புறப்படும் வேளையில் தம்பி தன் ஆசனத்துக்கு வந்தபோது, அங்கே அவன் மனைவி அமர்ந்திருந்தாள்.

"கொஞ்சத் தூரம் நான் ஓடிப் பார்க்கிறன்" என்றாள்.

தம்பி எம்மைப் பார்த்தான். நாம் ஒன்றும் பேசவில்லை. அவள் முதலில் இறங்கிப் பின்புறம் சென்றாள். கொளுவியின் பூட்டைப் பார்த்தாள், சங்கிலிகளைப் பார்த்தாள், சில்லுகளைச் சுற்றிவந்தாள். பிறகு ஏறியமர்ந்து, கண்ணாடிகளைத் திருத்தி, கை பிறேக்கின் நெம்புகோல் எங்கே இருக்கின்றது என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, வண்டியை மெல்ல எடுத்தாள். ஐம்பது மைலுக்கு மேல் அவளே ஓட்டினாள். அன்று பிள்ளைகள் பின்னாசனத்தில் உறங்கிவிட்டார்கள்.

வண்டி வாங்க விரும்புவோர் வலிமையையே விசாரிக்கின்றனர். விற்போரும் அதனையே விளம்பரம் செய்கின்றனர். எவ்வளவு இழுக்கும் என்பதன்றி, யாரை ஏற்றிக்கொண்டு, எவ்வளவைத் தாங்கி, எந்த இறக்கத்தில் நிறுத்தும் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அதற்குரிய விடை கதவுத் தூணிலும் தராசிலும் உள்ளது. புறப்படுமுன் நுகத்தடியை ஒருமுறை ஏந்திப் பார்க்கும் பொறுமை மட்டுமே நமக்கு வேண்டியது. எமது பாட்டனார் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆயினும் அந்தப் பொறுமை அவரிடம் இருந்தது.